இறைத்த கிணறும் இறுதியாண்டு ஆய்வும்

சுற்றாடல் பொறியியல் படிப்பவர்கள் மரம் நடுகிறவர்கள் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் நாங்கள் போத்தலோடு அழுக்குத் தண்ணீர் தேடி அலைகிறவர்கள். இறுதியாண்டு ஆய்வுக்காக வெயிலில் திரிந்தவர்களுக்கு என் பாடு விளங்கும். மலசலகூடக் குழிக்குப் பக்கத்திலுள்ள கிணறுகளில் கிருமி உண்டா என்பதுதான் என் ஆய்வு. வன்னியின் உடையார்கட்டில் ஒரு கிணற்றுத் தண்ணீர் மட்டும் எடுக்க மிஞ்சியிருந்தது. அது கிடைக்காவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான்.

விருந்துக்கு ஆயத்தமான கிணறு

மரியாதைக்காக அந்த வீட்டு ராசாத்தி அக்காவுக்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனேன். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தால் அடி மணல் தெரிந்தது. மோட்டர் போட்டு முழுதாக இறைத்து, உட்சுவரைத் தேய்த்து, குளோரினும் போட்டிருந்தார். நான் தேடி வந்த கிருமிகளில் ஒன்றுகூடத் தப்பியிராது. என் முகம் வாடியதைக் கண்டு அவருக்கு மனத்தாங்கல்.

“கம்பஸால ஆக்கள் வருகினமெண்டால், ஊத்தைக் கிணத்தையே பிள்ளை காட்டுறது?”

சொல்லாமல் போன வீடு

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமலே போனேன். அங்கும் குழிக்குக் கிட்டத்தான் கிணறு. வந்த காரியத்தைச் சொன்னதும் வீட்டுக்கார அக்கா முதலில் ஒரு கிளாசில் தண்ணீர் நீட்டினார். நான் சந்தேகப்பட்டு வந்த அதே கிணற்றுத் தண்ணீர்! கை தயங்கியது. அவர் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுத் தண்ணீரை மறுப்பது சின்ன விசயமல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். அக்கா சிரித்துவிட்டார்.

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி, அது கொதிக்க வைச்சு ஆறின தண்ணி. பச்சைத் தண்ணி உங்கட போத்திலுக்குத்தான்.”

பெட்டியோடு ஒரு பயணம்

பச்சைத் தண்ணீர் நிரப்பிய அந்தப் போத்தல் ஐஸ் பெட்டியில் குளிர்ந்தபடியே, ஆய்வுகூடம் பூட்டுமுன் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டியைக் கண்ட பஸ் நடத்துநர், “மீனெண்டால் பின்னால வையுங்கோ” என்றார். கிணற்றுத் தண்ணீர் என்றேன். பிந்தினால் பட்டமும் பிந்தும் என்பதையும் சொன்னேன். அவர் நேரே சாரதியிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். வழக்கமான தேத்தண்ணிக் கடையில் அன்று பஸ் நிற்கவில்லை, ஒருவரும் முணுமுணுக்கவுமில்லை. விசுவமடுவில் மூட்டைகளோடு ஏறியவர்களைப் பார்த்து நடத்துநர் சத்தம் போட்டார்.

“பாத்து ஏறுங்கோ, அந்தப் பெட்டிக்குள்ள ஒரு கிணறு போகுது!”

ஆய்வுகூடம் பூட்டுமுன் கிணறு போய்ச் சேர்ந்தது, பட்டமும் அந்த வருடமே கிடைத்தது. ஆனால் வன்னியில் அழுக்குத் தண்ணீர் கேட்டுப் போகிறவருக்கு அது இலேசில் கிடைக்காது என்பதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.