ஒழுகிய பெட்டிக்கு நான் போட்ட கையெழுத்து

இரும்புத் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த ஒரு சிறிய பெட்டி. அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவந்து என் மேசைமேல் வைத்தார் அண்ணன். வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று நாங்கள் கண்ணால் பார்ப்போம், சுத்தியலால் தட்டுவோம். அவர் படகுக்காரர், தண்ணீர் விட்டுத்தான் பார்ப்பார். இரண்டு மூலைகளில் நீர் கசிந்து என் வருகைப் பதிவேட்டை நனைத்தது. "ஒழுவுது சார். இன்னும் ரெண்டு வாரம் குடு, சரியா கத்துக்கறேன்" என்றார். பதிவேட்டைத் துடைத்துக்கொண்டே, "பெயின்ட் அடிச்சா நின்னுடும்ணா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அப்போது ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் நான் வெல்டிங் ஆசிரியர். நான் அண்ணன் என்று கூப்பிட்ட அந்த மாணவர் ஏரியோரக் குப்பத்து மீனவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வேலைப் பயிற்சியைச் சீக்கிரம் முடித்துத் தர வேண்டும் என்று மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. ஆறு மாதப் படிப்பு பத்து வாரமாகச் சுருங்கியது. கைத்தொழில் அனுபவம் இருந்தால் அதையும் பயிற்சி நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சட்டத்தைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கற்றது போதாதவருக்கு மேலும் நான்கு வாரம் இலவசமாகச் சொல்லித்தர அதிலேயே இடம் இருந்தது. ஆசிரியர் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். எழுதினால், குறித்த காலத்தில் முடிக்காத ஆசிரியர் என்று என் பெயருக்கு நேரே குறிப்பு விழும். ஆகவே அண்ணன் வலை பின்னியதையும் படகு இன்ஜினைக் கழற்றி மாட்டியதையும் வெல்டிங் அனுபவமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல பெயருக்கு நாயாய் அலைந்தவன் நான்.

சான்றிதழ் வாங்கிய அன்றே அவர் ஒரு காரியம் செய்தார். அவர் ஊரில், ஏரியில் இறால் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டெடுக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். சீட்டில் பெயர் வந்துவிட்டால் அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவனுடையது, யாரும் குறுக்கே வர மாட்டார்கள். வெளி வேலை கிடைத்தவன் பாடு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் அங்கே கட்டுப்பாடு. அரசாங்கம் பெயர் எழுதிக் கொடுத்த காகிதமும் அந்தச் சீட்டைப் போலத்தான், பெயர் வந்தால் வேலை தன்னுடையது என்று நம்பிவிட்டார். நேரே ஊர்ப் பெரியவர்களிடம் போய், "எனக்கு வேல கெடச்சிட்ச்சி, என் பேர எட்துடுங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஒரு பை நிறைய இறாலோடு வந்து இதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். சான்றிதழ் வேறு, வேலை வேறு என்று அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இறாலை வாங்கிக்கொண்டேன்.

தொழிற்சாலை வாசலில் வைத்த சோதனையில், தகட்டைத் தலைக்குமேல் மாட்டிப் பற்றவைக்கச் சொன்னார்களாம். அதை நான் அவருக்கு ஒரே ஒரு நாள்தான் காட்டியிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு இரண்டு இடங்களிலும் அதே கதைதான். வேறு வழியில்லாமல் பாடு உரிமையைத் திரும்பக் கேட்டு ஊர்முன் நின்றார். தொழில் தெரிந்தும் வேலைக்குப் போகச் சோம்பல்படுகிறான் என்று சிலர் பேச, ஊர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குப்பத்துக்குப் போனேன். அண்ணி எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பெரியவர் ஒருவர் நேராகக் கேட்டார். "சார், இவனுக்குத் தொழில் வந்துச்சா, வர்லியா? வர்லன்னா சொல்லு, பாடு குட்துடறோம். வந்துச்சின்னா நாங்க இன்னா பண்றது?"

வரவில்லை, நான் சொல்லித்தரவில்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்கும். சொன்னால் என் கையெழுத்து பொய்யாகும், யாராவது மேலே எழுதிப்போட்டால் என் வேலை போகும். "எல்லாம் முழுசா சொல்லிக் குடுத்துதான் சர்டிபிகேட் குடுத்தோம்" என்றேன். அண்ணி என்னையே பார்த்தார். கெஞ்சிக் கேட்டும் நான் இரண்டு வாரம் தராததை அண்ணன் அங்கே போட்டு உடைத்திருக்கலாம். அவர் எழுந்து, "சார் மேல தப்பு இல்ல. அவரு நல்லாத்தான் சொல்லிக் குட்தாரு. என் மண்டைலதான் ஏறல" என்றார். ஊர் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை, படித்தவன் பேச்சை எடுத்துக்கொண்டது. பாடு கிடைக்கவில்லை. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை. ஆனால் வெட்கப்பட்டதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

இப்போது நான் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பதவியில் இருக்கிறேன். போன மாதம் புதிய ஆசிரியர்கள் இருவரோடு அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கினேன். நடைமேடையின் மறுகோடியில் சிமென்ட் மூட்டை சுமந்துகொண்டிருந்தவர் அண்ணன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மூட்டையை இறக்கிவிட்டு வேகமாக வந்தார். "நல்லாகீறியா சார்?" என்று கேட்டுவிட்டு, என்னோடு இருந்தவர்களிடம், "எனக்கு வெல்டிங் கத்துக் குட்த வாத்தியாரு இவரு" என்றார். அவர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். ஒருவர் சும்மா இருக்காமல், "அப்புறம் ஏங்க அந்த வேலைக்குப் போகல?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "கண்ணு சரியா தெரியல சார். அதான் வுட்டுட்டேன்" என்றார்.

அத்தனை தூரத்திலிருந்து என்னை அடையாளம் கண்டு வந்தவர் அவர். ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.