ஆளில்லாத் தீவில் பெருக்கிய மணல்

படகுத்துறையில் அவருக்கு நங்கூரம் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கேயே கிடக்கிறார், தூக்கிவிட ஒருவரும் இல்லை என்பதால் வந்த பட்டம். பணக்காரர்களின் பாய்மரப் படகுகளைக் கழுவுவார், கிழிந்த பாயை ஒட்டுப்போடுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளிமார்களைக் கடலில் ஒரு சுற்றுக் கூட்டிப்போய், அவர்கள் வாந்தியெடுத்த இடத்தை முகம் சுளிக்காமல் அலம்பிவிடுவார். இடது கைக்காரர். துடைப்பத்தை எடுத்தால் மீன் செதிலை அடுக்கினாற்போல் அரைவட்டம் அரைவட்டமாகத்தான் பெருக்குவார். வீட்டு வாசலும் அவர் பொறுப்புதான். மனைவி தையல்காரி, காலையில் மிஷினைவிட்டு எழுந்திருக்க அவளுக்கு நேரமிருக்காது.

அந்தத் துறையில் ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளியின் படகும் நின்றது. ஊரையே தூங்கவைத்துச் சம்பாதித்த மனிதருக்குத் திடீரென்று ஓர் ஆசை: தன்னந்தனியாகக் கடலைக் கடந்து, வரைபடத்தில் கடுகு சிதறினாற்போல் கிடக்கும் பவளத் தீவுகளுக்குப் போய்வர வேண்டும். அதைத் தினமும் படம்பிடித்து உலகத்துக்குக் காட்ட வேண்டும். தன்னந்தனியாகப் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. நங்கூரத்தைக் கூப்பிட்டார்.

"நீ வர்றது வெளிய தெரியக்கூடாதுப்பா."

"வீட்டுக்காரிகிட்டயாவது சொல்லிக்கலாமா மொதலாளி?"

"அவங்களுக்கு மட்டும். ஆனா கடல்லேருந்து போன் கீன் கிடையாது."

பயணம் முழுக்க ஒரே சட்டம்தான். முதலாளி கேமராவைத் தூக்கினால் நங்கூரம் பாய் மூட்டைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். தானாகத் திசைபிடிக்கும் கருவி கொஞ்ச தூரத்திலேயே கெட்டுப்போனது. அதற்கப்புறம் சுக்கானில் கயிற்றைக் கட்டி, மூட்டைக்கு அடியில் இருந்தபடியே இழுத்துத் திருப்பினார் நங்கூரம். மேலே முதலாளி கேமராவைப் பாய்மரத்தில் மாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, "தூங்கி ரொம்ப நாளாச்சு நண்பர்களே, இந்தக் கடலும் நானும்தான்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வானத்தில் இருக்கிறதே, படகை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வேறு ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள், அதுவும் தையல்காரியிடம். நங்கூரத்தின் தங்கை மொபைலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணி, அவரு தனியாத்தான் போறேன்னு தினம் சொல்றாரு. அப்போ எங்கண்ணன் எங்க?"

"அந்தப் படகுலதான்."

"எங்க, காட்டுங்க பாப்போம்!"

காட்ட முடியவில்லை. தெருவுக்கு அவ்வளவு போதாதா? நங்கூரம் வேறு எங்கோ இறங்கிவிட்டது, அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது, அதில் பிள்ளைகூட இருக்கிறது என்றார்கள். ரவிக்கை தைக்க வந்தவர்கள் அளவு கொடுத்தார்களோ இல்லையோ, ஆறுதல் கொடுத்துவிட்டுப் போனார்கள். தூரத்தில் ஒருவர் பெருமையடித்துக்கொள்ள, இங்கே ஒருத்தி தலைகுனிந்து மிஷின் மிதித்தாள்.

படகு ஒருவழியாகத் தீவுக்கூட்டத்தை அடைந்தது. மனித வாடையே இல்லாத வெள்ளை மணல். அதில் முதல் காலடியை முதலாளி வைக்க, அதைப் பறக்கும் கேமரா மேலிருந்து படமெடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் படகை மரத்தில் கட்ட யாராவது முன்னால் இறங்க வேண்டுமே? நங்கூரம் இறங்கினார். மணலெல்லாம் அவர் கால் தடம்.

"ஐயையோ, அழி, அழி!" என்று படகிலிருந்து கத்தினார் முதலாளி.

படகுத் துடைப்பத்தை வாங்கி, தன் காலடியைத் தானே பெருக்கிக்கொண்டு பின்னோக்கி நடந்தார் நங்கூரம். அரைகுறையாகப் பெருக்குவது அவர் கைக்கு வராது. தடம் பட்ட இடம், படாத இடம் என்று பார்க்காமல் கரை முழுவதையும் பெருக்கிவிட்டுத்தான் மூட்டைக்கடியில் போய்ப் படுத்தார்.

அந்தப் படத்தை உலகமே பார்த்து உருகியது. தையல்காரி மட்டும் ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தினாள். நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. ஆளில்லாத தீவுல யாருடி வாசல் பெருக்கினது?"

"போங்க அண்ணி, பெருக்கின தடத்தைப் பாத்துப் புருஷனக் கண்டுபிடிச்சேன்னு வெளிய சொல்லிடாதீங்க. சிரிப்பாங்க."

சிரிக்கத்தான் சிரித்தார்கள். நங்கூரம் கறுத்துப்போய்த் திரும்பி வந்து சத்தியம் செய்தபோதும், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள் அந்த இன்னொருத்தி என்றார்கள்.

படகுச் சங்கத்து மண்டபத்தில் பாராட்டு விழா. மேடையில் முதலாளி. பின்னால், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு நங்கூரம். கேள்வி கேட்கலாம் என்றார்கள். தையல்காரி எழுந்தாள்.

"ஐயா, அந்த மணலப் பெருக்கினது யாரு?"

"காத்தும்மா. கடற்கரையில காத்தடிக்கும்ல?"

"அடிக்கும் ஐயா. காத்துக்கு இடது கைப் பழக்கமா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பின்வரிசையைப் பார்த்தார். "நங்கூரம், உன் சம்சாரத்துக்கு நீயே சொல்லுப்பா. நீ என்கூட வந்தியா?"

நாத்தனாரும் வந்திருந்தாள். தெருவும் பாதி வந்திருந்தது. நங்கூரம் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"வரலைன்னு சொன்னா வேலை இருக்கும் மொதலாளி. வீடு இருக்காது. வந்தேன். மூட்டைக்கு அடியில இருந்தேன்."

முதலாளி அசரவில்லை. தனி என்றால் வேறு மாலுமி இல்லாமல் என்று அர்த்தமாம். எடுபிடி ஆளெல்லாம் அதில் சேர்த்தி இல்லையாம். இதைச் சொன்னதற்கும் முன்வரிசையில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏமாற்றியவருக்கு ஒரு விளக்கமாவது தேவைப்பட்டது. ஏமாந்தவர்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

அதே மேடையில் அடுத்த பயணத்தையும் அறிவித்தார், இன்னும் தொலைவான தீவுகளுக்கு. மறுநாளே ஆள் வந்தது, நங்கூரத்தைக் கூட்டிவரச் சொல்லி. தையல்காரி மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "இந்தத் தடவை தனியாவே போயிட்டு வரச் சொல்லுங்க."

நங்கூரம் இப்போது பக்கத்துத் துறையில் வேலை பார்க்கிறார். நாத்தனார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "மெத்தைக்காரரைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்தது எங்கண்ணன்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மெத்தைக்காரர் ஞாயிறுதோறும் தொப்பி போட்டுக்கொண்டு படகில் வந்து உட்கார்கிறார். காற்று சரியில்லை என்கிறார். கட்டிய கயிறு இன்னும் அவிழவில்லை.