அரைஞாணில் கோத்த இரும்பு

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது நாங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். கபடி ஆடிக்கொண்டிருந்த என் அண்ணன் திடீரெனச் சரிந்து விழுந்து இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கும் மேடு ஏறினால் மார்பு அடைக்க ஆரம்பித்தது. தருமபுரி டாக்டர் மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே பெரிய டாக்டர் பேசப் பேச எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எல்லோருக்குமே இதயச் சதை இழை இழையாக முறுக்கிக்கொண்டுதான் இருக்குமாம். அந்த இழைகள் தாறுமாறாகித் தடித்துப்போனால், நன்றாக ஓடிக்கொண்டிருப்பவனும் பொத்தென்று விழுவானாம். ஒரே குடும்பத்தில் பலருக்கும் வருமாம். புதிதாக வந்திருக்கும் காந்த ஸ்கேனில் சதை தடித்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்.

உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அரைஞாண் ஞாபகமே வரவில்லை. அதையெல்லாம் யார் தனியாக நினைக்கிறார்கள்? அண்ணன் போன பிறகு, காத்து கருப்பு அண்டாமலிருக்க அம்மா அதில் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்திருந்தார்.

மெஷினை நெருங்கியதும் யாரோ என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் ஆளே இல்லை. அலறிவிட்டேன். சிரிக்காதீர்கள், அண்ணன்தான் கூப்பிடுகிறான் என்றே நினைத்தேன். ஸ்கேன் எடுப்பவர் ஓடிவந்து என்னை வெளியே இழுத்துப் போனார்.

காந்தம் இழுத்தது அந்த இரும்பு வளையத்தை. வேர்வையில் இறுகிய அரைஞாண் முடிச்சு அவிழவில்லை. "வெட்டித்தான் ஆகணும்" என்று அவர் கத்தரிக்கோலை எடுத்தார். எங்கள் பக்கம் ஆம்பிளையின் அரைஞாணை அறுப்பது பிணத்துக்குத்தான். அண்ணனுக்கு அறுத்தபோது நானும் அம்மாவும் அருகில்தான் நின்றோம். ஸ்கேனே வேண்டாம், ஊருக்குப் போகலாம் என்று அம்மாவிடம் அழுதேன்.

அம்மா கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார். "குடுங்க சார், நானே அறுக்கறனுங்க."

ஒரே வெட்டு. அடுத்த நொடி தன் சேலைத் தலைப்பைக் கிழித்து என் இடுப்பில் சுற்றிக் கட்டினார். "வெறும் இடுப்போட உள்ள வுடமாட்டேன் சாமி. இப்பப் போ."

குழாய்க்குள் அந்த டமடம சத்தத்தில், என் இதயம் இந்த நொடி நிற்குமோ அடுத்த நொடி நிற்குமோ என்று கிடந்தேன். பயந்தபடியே சதை தடித்திருந்தது. அண்ணனைக் கொண்டுபோனதும் இதுவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மாத்திரையை விடக் கூடாது. அப்படியே இத்தனை வருஷம் தள்ளிவிட்டேன்.

நான் பயந்ததை இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. உயிரோடு நிற்கிற மகனுக்குத் தன் கையாலேயே அரைஞாணை அறுத்த அந்த நொடியில் அம்மா எப்படிப் பயந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கத்தான் இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.