பலா மரத்தடியில் உட்காரும் இடம்

எங்கள் பெரியப்பாவுக்கு எதிலாவது குறை கண்டுபிடிக்காவிட்டால் சாப்பிட்ட சோறு செரிக்காது. கல்யாண வீட்டில் ரசத்துக்கு உப்பு தூக்கல் என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போதே, ஃபாதர் பிரசங்கத்தை ஜவ்வாக இழுத்துவிட்டார் என்பார். மழை பெய்தால் நேரங்கெட்ட நேரத்தில் பெய்கிறது என்று வானத்தைக் கோபித்துக்கொள்வார். பெய்யாவிட்டால் அதற்கும் திட்டு உண்டு.

இன்னொரு குணமும் அவரிடம் இருந்தது. வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. ஒருமுறை பஸ் கண்டக்டரோடு சில்லறைச் சண்டை போட்டு, 'இனிமே நீ இருக்கற பஸ்ஸுல கால வெக்கமாட்டேன்' என்று கத்தியிருக்கிறார். அந்தக் கண்டக்டர் ஓய்வு பெறும் வரைக்கும் மனிதர் வைக்கவில்லை. கொட்டுகிற மழையில் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு நடந்தே அடிவாரத்துக்குப் போவார். கூட நனைந்த பெரியம்மாவைக் கேட்டால் இன்னும் சொல்லுவாள்.

ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையில் சில வளைவுகள் தாண்டி எங்கள் ஊர். அப்பா ஷேர் ஜீப் ஓட்டினார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் அவருடைய நீல ஜீப்புதான். நாங்கள் இருந்தது பூர்வீக வீடு. பெரியப்பா அடுத்த தெருவில் தனியாகக் கட்டிக்கொண்டு போய்விட்டாலும், ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, பின்பக்கம் பலா மரத்தடியில் டீ குடித்துவிட்டுத்தான் போவார். அந்தப் பலா மரத்தில் எனக்கு ஊஞ்சல் கட்டித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. உலகத்தில் எனக்கிருந்த ஒரே கவலை அந்த ஊஞ்சல்தான்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, என் அத்தை. அவளைத் திருப்பத்தூரைத் தாண்டி ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பார்த்து முடித்துவைத்தவர் பெரியப்பாதான். அந்த மாமாவை எனக்குப் பிடிக்கும். வரும்போதெல்லாம் கிரீம் பிஸ்கட் வாங்கி வருவார். ஒருமுறை அத்தை மட்டும் அவர் இல்லாமல் தனியாக வந்து நின்றாள். அவள் உதடு வீங்கியிருந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டாளாம். அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது என்பது எனக்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டாம் முறை அவள் தனியாக வந்ததும், மாமா பின்னாலேயே ஆட்களோடு வந்து தெருவில் நின்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. பெரியப்பாவுக்கு மானம் போய்விட்டது. எல்லோர் முன்னாலும் அத்தையைப் பார்த்து, "இனிமே புருசன் இல்லாம இந்த வூட்டு வாசப்படிய நீ மிதிச்ச, அதுக்கப்பறம் நான் இந்த வூட்டுப் பக்கமே வரமாட்டேன். என் சாவுக்கும் இங்கிருந்து யாரும் வரக் கூடாது" என்றார். அத்தை மாமாவோடு போய்விட்டாள். அன்றைக்கு அம்மா அடுப்பே மூட்டவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள், மதிய நேரம். அப்பாவுடைய ஜீப் வாசலில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கிப் போன பிறகு பின்சீட்டிலிருந்து அத்தை இறங்கினாள். கையில் ஒரே ஒரு துணிப்பை. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவள் வாசற்படியைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, மாட்டுக்கொட்டகை ஓரமாக இருந்த சந்து வழியே பின்பக்கம் போய், பலா மரத்தடித் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா என்ன கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "அண்ணனோட சொல்லு கீது அண்ணி" என்றாள். அப்பா ஜீப்பின் தார்ப்பாயை அவிழ்த்து மரத்துக்கும் வேலிக்கும் நடுவே கட்டினார். அம்மாவும் பாயை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. பெரியப்பா எப்போதும் வருவதுபோலச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்தார். தார்ப்பாய்க்குக் கீழே அத்தையைப் பார்த்தார். அம்மா டீ டம்ளரை நீட்டினாள். பெரியப்பா அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பக்கம் திரும்பினார்.

"இன்னாடா இது? ஆட்டுக்குக் கட்றாப்ல தார்ப்பாய கட்டி வெச்சிருக்கற. ஒரு காத்தடிச்சா நிக்குமா?"

டீயைக் குடித்தார், போய்விட்டார். அப்பா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஜீப்பின் மேலே தைல மரக் கம்புகளும் சிமெண்ட் ஷீட்டுகளும் வந்து இறங்கின.

தெருவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே. அப்பா தன் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். யாரோ பணக்காரர் வீட்டுத் தோட்டம். உட்கார பெஞ்சு, மேலே நிழலுக்குக் கூரை, பக்கத்திலேயே சமைக்க மேடை, கை கழுவக் குழாய், சுற்றிலும் செடி. எல்லாம் ஒரே நிறத்தில், ஒன்றுக்கொன்று பொருத்தமாக. "நம்ம பின்னாண்டையும் இந்த மாதிரி ஒண்ணு போட்றேன்" என்று ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "ஏலகிரிக்குப் போட்டியா ரிசார்ட்டு கட்றியாப்பா?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார். அப்பா அசடு வழிந்தார். நான் மட்டும் அதை அப்படியே நம்பினேன். அப்பா சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டபோது, ஊஞ்சலுக்கும் ஓர் இடம் போடச் சொல்லி அடம்பிடித்து வாங்கினேன். ஜீப்புக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டைத்தான் எல்லாவற்றுக்கும் அடிக்க வேண்டும் என்பது அம்மாவின் யோசனை. கூரைக் கம்பு நீலம், பெஞ்சுக்கால் நீலம். அத்தை தூரிகையை வாங்கித் தானே அடித்தாள். பாதி பெயிண்ட் என் கவுனில்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். "அடுப்ப இங்க வெச்சா உக்கார்றவன் கண்ணு இன்னாத்துக்கு ஆவும்? பொக பூரா மூஞ்சியிலதான அடிக்கும்" என்றார். அடுப்பு மரத்துக்கு அந்தப் பக்கம் போனது. அது என் ஊஞ்சலுக்குக் கோடு போட்ட இடம். "இந்தக் கெளைக்குப் பதிலா அந்தக் கெளையில கட்டித் தரேன்டி" என்றார் அப்பா.

அதற்கடுத்த வாரம், சாரல் அடித்தால் மேற்கேயிருந்து உள்ளே வரும், இதுகூடத் தெரியாதா என்றார். மேற்கே ஹாலோ பிளாக்கில் சுவர் எழும்பியது. அந்தக் கிளையும் போயிற்று. பிறகு, ஒரு பக்கம் மட்டும் சுவர் இருப்பது மொட்டையாக இருக்கிறது என்றார். அப்புறம், கால் கழுவத் தண்ணீர் எங்கே, பொம்பளைகள் குளிப்பதற்கு மறைவு எங்கே என்று கேட்டார். உட்கார்ந்து டீ குடிக்கும் இடத்தில் எவராவது குளிப்பார்களா? எனக்கே தெரிந்த இந்த விஷயம் அப்பாவுக்குத் தெரியவில்லை. மறுபேச்சு பேசாமல் குழாய் இழுத்து, மறைப்புக் கட்டினார்.

எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நல்ல அழகான திறந்தவெளியை வாராவாரம் வந்து கெடுக்கிறார், அப்பாவும் தலையைத் தலையை ஆட்டுகிறார். படத்தில் இருந்ததுபோலவா இருக்கிறது இப்போது? நாலு பக்கமும் சுவர், ஒரு கதவு. பெஞ்சு ஒன்றுதான் வெளியே மிச்சம். "இவருக்கு வாய் சும்மாவே இருக்காதா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "சும்மா இர்றி, அவரு வாயி நல்லா இருக்கணும்" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு நாளும் பெரியப்பா அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையும் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நான் டிவி பார்க்கக் கூப்பிடுவேன், வரமாட்டாள். மார்கழிக் குளிரில் கூப்பிட்டாலும் வரமாட்டாள். எனக்கு அவள்மேலும் கோபம்தான்.

கடைசியாக ஒரு ஞாயிறு, கதவைத் திறந்து மூடிப் பார்த்த பெரியப்பா, "வெளிய கொண்டி வெச்சிட்ட, உள்ள தாப்பா எங்கடா? நீயெல்லாம் ஒரு ஆளு" என்று அப்பாவைத் திட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு இரும்புத் தாழ்ப்பாளை எடுத்துப் பெஞ்சின்மேல் பொத்தென்று போட்டார். திருப்பத்தூரில் வாங்கியிருக்கிறார். நல்ல கனமான தாழ்ப்பாள்.

அது பொருத்தி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. மாமாவும் அவருடைய அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் பையைக்கூடக் கழற்றவில்லை. அத்தை துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அறைக்குள் போனாள். டக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது. அப்பா ஜீப்போடு மலைமேல் இருந்தார். அம்மா என்னிடம், "பெரியப்பாவ கூட்டியாடி, ஓடு" என்றாள். அந்த மனிதரையா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் ஓடினேன்.

பெரியப்பா வந்து நீல பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். தெரு ஆட்களும் சந்து வழியாக வந்து கூடிவிட்டார்கள். மாமாவின் அண்ணன் எடுத்த எடுப்பிலேயே, "நீங்க சொன்ன சொல்லு இன்னாங்க ஆச்சு? வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு இதே தெருவுலதான சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆமா சொன்னேன். மிதிச்சாளா?" என்றார் பெரியப்பா.

"இத்தினி மாசமா இங்கதான தங்கிக்கினு கீது?"

"மிதிச்சாளான்னுதான் கேக்கறேன். நான் சொல்றத நம்ப வேணாம். தோ, கொழந்தய கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா என்னிடம் வந்து குனிந்து, முன்பு பிஸ்கட் கொடுக்கும்போது சிரிப்பதுபோலவே சிரித்தார். "பாப்பா, அத்தை உங்க வூட்டுக்குள்ளதான தூங்குது?" என்றார். அம்மாவின் கை தன் தாலியை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

எனக்கு இத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்த எங்க உள்ள வருது மாமா! டிவி பாக்கக்கூட வராது. மழையில கூப்ட்டேன், வர்ல. கிறிஸ்மஸுக்குக் குடில் பாக்கக் கூப்ட்டேன், சன்னலுக்கு வெளியவே நின்னு பாத்துச்சு. வாசப்படிகிட்டகூட வராது. நீங்களே சொல்லுங்க மாமா, உள்ள வந்தா இன்னா?"

மளிகைக் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். மாமா நேராகப் போய்க் கதவைத் தள்ளினார். அசையவில்லை. ஓங்கி ஒரு குத்து விட்டார். கதவு அதிர்ந்ததே தவிர, தாழ்ப்பாள் நின்றது.

பெரியப்பா எழுந்தார். "கைய எடு. அது என் தங்கச்சி இருக்கற எடம். தொறக்கறதும் மூடறதும் அவ இஷ்டம். அவள ஒனக்குக் கட்டிக் குடுத்தது நான்தான், அதுக்குக் கர்த்தர்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். நீ கௌம்பு."

தெரு ஆட்கள் வழிவிட்டு நின்ற விதத்தில், போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. கார் கீழ் வளைவில் இறங்கும் சத்தம் ஓயும்வரை அம்மா நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்பாடா, அப்பாடா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தாழ்ப்பாள் திறந்தது. அத்தை வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் அடுப்பை மூட்டி எல்லோருக்கும் டீ போட்டாள். முதல் டம்ளரைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "சக்கர கம்மியா கீது" என்றார்.

அத்தை சிரித்துவிட்டாள். சர்க்கரை டப்பாவை எடுக்கத் தன் அறைக்குள் போனவளின் சிரிப்பு வெளியே வரைக்கும் கேட்டது. அதற்குள் அப்பாவும் பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுப் பெரியப்பாவின் கையைப் பிடிக்கப் போனார். பெரியப்பா கையை விலக்கிக்கொண்டு அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"கெழக்கால ஒரு சன்னல் வெக்க வேணாமாடா? காத்து எப்பிடி வரும்? அந்தக் கெளைய வெட்டிட்டு வெய்யி."

என் ஊஞ்சலுக்கு மிச்சமிருந்த கடைசிக் கிளை அது. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், தெருவே சிரித்தது. இவ்வளவு குறை சொல்லுகிற மனிதருக்குப் போய் ஏன் எல்லோரும் மாற்றி மாற்றி டீ ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.