என் மகளை மறுபடியும் ஓட வைத்த திரௌபதி அம்மன்

அது கார்த்திகை மாதம். கள்ளக்குறிச்சியில் மாவட்ட விளையாட்டுப் போட்டி. மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த என் மகள் திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் தள்ளவில்லை, தடுக்கியும் விழவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல். "இனிமே ஓட்டத்த மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் மாவுக்கட்டு போட்டார்.

நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போகிறவள் நான். பெயர் வள்ளி. வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள் கௌசல்யா. அப்போது பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பிலேயே அவளுடைய ஓட்டத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை விஜயா டீச்சர். விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கோமுகி அணைக்கும், அங்கிருந்து கல்வராயன் மலை ரோட்டுக்கும் கூட்டிப்போய் ஓடவிடுவார். அந்த ஏற்றத்தில் என் மகள் மூச்சு வாங்காமல் ஏறுவதைப் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்களாம்.

அப்படிப்பட்டவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். என் நாத்தனார் வந்தாள். "போதும் அண்ணி, ஓடனதெல்லாம். காலு கோணலாயிட்டா எவன் வந்து கட்டுவான்? இப்பவே ஒரு எடமாப் பாத்து வெச்சுக்கினு இருங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோவிலுக்குப் போனேன். விளக்கேற்றக்கூடக் கை வரவில்லை. அழுதேன். "தாயே, மெடல் கேக்கல. அவ எழுந்து ஓடணும். அது போதும். வர்ற திருவிழாவுல நான் தீ மிதிக்கிறேன். அவளக் கூட்டினு வந்து உன் எதுருல நிக்க வெக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

கோவிலை விட்டு வெளியே வந்தால் விஜயா டீச்சர் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் என்னைத் தேடிவிட்டு அங்கே வந்திருக்கிறார்.

"அக்கா, சென்னைல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. வெளையாட்டுப் புள்ளைங்கள மட்டும் பாக்கறவங்க. எனக்கு மனசு கேக்கல. பொங்கல் முடிஞ்சதும் ஒரு தடவ போய் வந்துடலாம், வாங்க."

நான் கேட்டு வாய் மூடவில்லை, பதில் வாசலில் நிற்கிறது. இதை வேறு எப்படிச் சொல்வது?

பொங்கல் முடிந்து சென்னைக்குப் போனோம். அந்த டாக்டரம்மா காலை அப்புறம்தான் பார்த்தார். முதலில் கௌசல்யாவிடம், "மாசா மாசம் குளிக்கிறியாம்மா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். தீபாவளிக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுபோயிருக்கிறது. வெளியூர்ப் போட்டிக்குப் போனபோது யாரோ ஒரு பெண், உடம்பு லேசாக இருந்தால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து இவள் ராத்திரிச் சோற்றை விட்டிருக்கிறாள். காலையிலும் பாதிதான். விடியும் முன்னே நான் கரும்புக்குப் போய், ராத்திரி அலுப்பில் சீக்கிரமே படுத்துவிடுவதால் என் கண்ணில் படவில்லை. மாதவிலக்கு நின்றதை, தொல்லை விட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடுனதால மட்டும் எலும்புல கீறல் விழல. ஓடுற ஒடம்புக்கு வேண்டிய சாப்பாடு போகல. அதான் மாசா மாசம் வர்றதும் நின்னுச்சு, எலும்பும் வலுவில்லாமப் போச்சு. வளர்ற வயசு. சாப்பாடு போனா எல்லாம் திரும்பி வரும். ஆனா அவசரப்படக் கூடாது" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் இறங்கினோம். டீச்சர் அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். அவள் சாப்பிடச் சாப்பிட நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சமையலே மாறிப்போனது. காலையில் கம்பங்கூழும் முட்டையும். பள்ளிக்கூடத்துக்குக் கடலை உருண்டை. ராத்திரி அவள் சாப்பிடும்வரை அவள் அப்பா தட்டைத் தொட மாட்டார். "நீ துன்னாத்தான் நான் துன்னுவேன்" என்று உட்கார்ந்திருப்பார். கட்டுப் பிரித்த பிறகும் அவள் ஓடவில்லை. முதலில் நடை. அப்புறம் கிணற்றில் நீச்சல். டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

வைகாசியில் கொடியேறியது. நான் காப்பு கட்டி விரதம் இருந்தேன். தீமிதி அன்று காலை கௌசல்யா பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"மா, வந்துடுச்சும்மா."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "இப்ப நான் எப்படிமா கோயிலுக்கு வர்றது? வேண்டிக்கினியே?"

அவளைத் தெருமுனை வரை கூட்டிப்போனேன். அங்கே புளியமரத்தடியில் நின்றால் தீக்குழி தெரியும். நான் போய் மிதித்துவிட்டு ஈரப் புடவையோடு அவளிடமே ஓடிவந்தேன். ஒரு பெரியம்மா, "தீட்டோட ஏண்டி கூட்டினு வந்த?" என்று கேட்டார். திருவிழாவில் நடக்கும் பாரதக் கூத்தில் நாம் எல்லோரும் பார்த்ததுதானே? அம்மனை முடியைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தபோது அவளும் அதே நிலையில்தானே இருந்தாள்? அதைச் சொன்னேன். பெரியம்மா என் மகளின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். அங்கேயே நின்று இருவரும் கும்பிட்டோம். அம்மன் எங்களைப் பார்த்தாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்த வருஷம் முழுக்க டீச்சர் அவளை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்திலேயே கேட்டார்கள், நல்லாத்தானே இருக்கிறாள், பேரைக் கொடுத்தால் என்ன என்று. "இவ இருவத்தஞ்சு வயசுலயும் ஓடணும். ஒரு கப்புக்காக இப்பவே முடிச்சுட மாட்டேன்" என்று டீச்சர் ஒரே பிடியாக நின்றார்.

இப்போது கௌசல்யா கல்லூரியில் படிக்கிறாள். சென்ற தை மாதம் மாநிலப் போட்டியில் ஐயாயிரம் மீட்டர் ஓடினாள். நானும் வீட்டுக்காரரும் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தோம். கடைசிச் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டி முதலாவதாக வந்தாள். தோள் திரண்டு, தொடை உரம் ஏறி, என்னைவிட ஒரு பிடி உயரமாக நின்றாள். அவர் அழுதுகொண்டே பக்கத்தில் இருந்த ஊர் பேர் தெரியாதவரிடம், "எங்க பொண்ணுங்க, எங்க பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லீவுக்கு வந்தால் டீச்சரோடு அணைக்குப் போய்ச் சின்னப் பெண்களை ஓடவைக்கிறாள். ஓட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் நான் அவித்துக் கொடுத்த கொண்டைக்கடலை. சாப்பிடாமல் எழுந்திருக்க விடமாட்டாள். "ஒழுங்கா வருதாடி?" என்று அந்தப் பிள்ளைகளிடம் கூச்சமில்லாமல் கேட்கிறாள். அதைப் பார்க்கும்போது மெடலைவிட எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அம்மா, சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஓடுகிற, குதிக்கிற, பந்தாடுகிற ஒரு பெண் இருப்பாள். அவளுக்காக அம்மனிடம் கேளுங்கள். நிச்சயம் கொடுப்பாள். கோவிலிலிருந்து வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளிடமும் கேளுங்கள்.