குல்மார்க் போகாத அதிரசம்

பீற்றிக்கொள்வது என் பிறவிக் குணம் அல்ல. ஹைதராபாத் லோத்குண்டாவுக்குக் குடிவந்த பிறகு ஒட்டிக்கொண்டது. எங்கள் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை மகள் வீட்டுக்கு அமெரிக்கா போவார்கள். எதிர்வீட்டுக்காரர்களுக்கு துபாய். நாங்கள் கும்பகோணம். திரும்பி வந்து லிஃப்டில் பெட்டியை ஏற்றும்போது, "இந்தத் தடவை எந்தக் கோயில்?" என்று யாராவது கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

போன டிசம்பரில் அதற்கு ஒரு விடிவு வந்தது. என் கணவருக்கு மத்திய அரசு வேலை. விடுமுறைப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு காஷ்மீருக்கு விமானத்திலேயே போய்வர அனுமதி கிடைத்தது. குல்மார்க்கில் மூன்று நாள் பனிச்சறுக்கு, அப்புறம் ஸ்ரீநகரும் டெல்லியும் சுற்றிப் பார்ப்பது என்று திட்டம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. சக்கர ஸ்கேட்டிங்கில் கெட்டிக்காரி, பனியிலும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தாள். மகனுக்கு எட்டு வயது. இரண்டும் நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளைகள்.

அடுத்த ஒரு மாதம் நான் வாயை மூடவில்லை. காய்கறி வண்டிக்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. "சும்மா வண்டியில உக்காந்து இழுபடறது இல்ல, ஸ்கீயிங். காலில் பலகையைக் கட்டிக்கிட்டு மலையிலிருந்து இறங்கறது" என்று எல்லோருக்கும் கையை ஆட்டி விளக்கினேன். ஜனவரியில் பனியால் விமானங்கள் ரத்தாகும், மார்ச்சில் போனால் நல்லது என்று மூன்றாவது மாடி அம்மாள் சொன்னார். "எங்களுக்கெல்லாம் அப்படி ஆகாது ஆண்ட்டி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சுற்றிலும் ராணுவக் குடும்பங்கள் என்பதால் கோட்டு, கையுறை, தொப்பி எல்லாம் இரவலாகவே சேர்ந்துவிட்டன. கேட்காத வீடு பாக்கியில்லை.

தரைத்தளத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு குடியிருக்கிறாள். ராமநாதபுரம் பக்கத்துக்காரி, என்னைவிட ரொம்பச் சின்னவள். கணவர் ராணுவத்தில் ஹவில்தார். அப்போது குல்மார்க் மலைக்குக் கீழே ஒரு முகாமில் இருந்தார். நாங்கள் போகும் இடத்தைக் கேட்டதும் அவள் மாடிக்கே ஓடி வந்துவிட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம அவுகளுக்கு வெளிய போயிட்டு வர அனுமதி உண்டு. உங்க ஓட்டலுக்கே வந்துருவாக. ஒரு டப்பா குடுத்தா கொண்டுபோவீகளா?"

"ஒண்ணு என்ன, ரெண்டு குடு" என்றேன். நான் சொந்த விமானத்தில் போகிற மாதிரி.

போகும்போது வாசலில் நின்று, "பிள்ளைகளுக்குச் செருப்பு எத்தனாம் நம்பருக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். கம்பளிக் காலுறை பின்னித் தரப்போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அத்தோடு மறந்தும் போனேன்.

அவள் அதிரசம் செய்தாள். பச்சரிசியை ஊறவைத்து இடித்து, பாகு காய்ச்சி, மாவை வைத்திருந்து, குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்துப் பார்த்துச் சுட்டாள். எண்ணெய் மணம் படியேறி எங்கள் வீடு வரை வந்தது. எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, மூடியைச் சுற்றி வெள்ளைத் துணியைப் போட்டு, தடித்த நூலால் நெருக்கித் தைத்து, மேலே அவர் கைப்பேசி எண்ணை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். "போன தீவாளிக்கும் வரல. அவுகளுக்கு அதிரசம்னா உசுரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வழியனுப்பக் கூட்டம் கூடிவிட்டது. ஹைதராபாத் வெயிலில் நாங்கள் நாலு பேரும் இரவல் கோட்டுகளை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றோம். படம் எடுத்து அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். வாட்ச்மேன் கார்ச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பலகையைப் பார்த்தோம். ஸ்ரீநகரில் கடும் பனி, விமானம் ரத்து. மறுநாள் காலை விமானத்தில் இடம் மாற்றித் தந்தார்கள்.

"வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வருவோம்" என்றார் கணவர்.

"வீடா? நக்கோ, வேண்டவே வேண்டாம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேட்டுக்குள்ள நுழையறது?"

ஒரு ராத்திரி விஷயம்தானே என்று அவரும் விட்டுவிட்டார். நகரத்துக்குள்ளேயே லக்டிகாபூலில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். லோத்குண்டாக்காரர்கள் யாரும் வேலையில்லாமல் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பது என் கணக்கு. சனிக்கிழமையும் விமானம் ரத்து. இனி புதன்கிழமைதான் இடம், அதுவும் நிச்சயமில்லை என்றார்கள். புதன்கிழமை போனால் அவருடைய விடுப்புக்குள் திரும்ப முடியாது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு நாலு பேரும் விமான நிலையத்து நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மகள் அழுதாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது யோசனைதான். திரும்புவதாக இருந்த நாள் வரை லாட்ஜிலேயே இருப்பது, பேகம் பஜாரில் அக்ரூட்டும் குங்குமப்பூவும் வாங்கிக்கொள்வது, பெட்டியோடு வீட்டுக்குப் போய் "அப்பா, என்ன குளிர்" என்று சொல்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு மலையையே மறைக்கப் பார்த்தேன்.

டப்பா நினைவு வராமல் இல்லை. துணியின் மேல் இருந்த எண்ணுக்கு அன்றைக்கே போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி முயலவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவரிடம் சொன்னால் அவர் மனைவியிடம் சொல்வார், அவள் வழியாக மூன்றாவது மாடிக்கு விஷயம் ஏறிவிடும். அதற்குள் குழுவில் "பனிப் படம் எங்கே?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். எல்லார் போனையும் ஃப்ளைட் மோடில் போட வைத்தேன். எங்கள் குடும்பத்தில் பறந்தது அவை மட்டும்தான்.

இருபது வருடமாக ஹைதராபாத்தில் குடித்தனம். சார்மினார் மேல் ஏறியதில்லை. அந்த இரண்டு நாளில் ஏறினோம். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, தெரிந்த குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே சொந்த ஊரைச் சுற்றிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை கோல்கொண்டா கோட்டை. உச்சியில் நின்று என் கணவர், "நல்லாத்தானே இருக்கு, இதுக்கு எதுக்கு ஒளியணும்?" என்று கேட்டார். அவருக்கு வெட்கம் பிடித்துக்கொண்டது என்று தெரிந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

மத்தியானம் பசியோடு லாட்ஜுக்கு வந்தோம். சாப்பாடு வரத் தாமதமானது. மகன் பெட்டியைக் குடைந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அது வேற ஒருத்தருக்குடா" என்று முதலில் சொன்னவளும் நான்தான், நகவெட்டியால் தையலைப் பிரித்தவளும் நான்தான். வைத்திருந்தால் ஊசிப்போய்விடும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். நல்ல பாகில் செய்த அதிரசம் அவ்வளவு சீக்கிரம் ஊசாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அருமையாக இருந்தது, உள்ளே மெத்தென்று, ஏலக்காயும் சுக்குமாக. கணவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். மீதி இரண்டு நாளில் தீர்ந்துபோனது.

திங்கட்கிழமை பிள்ளைகளைச் சமாதானப்படுத்த டேங்க் பண்ட் பக்கத்தில் இருக்கும் செயற்கைப் பனிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கேயே கோட்டும் பூட்ஸும் தருகிறார்கள். கலர் விளக்கு, சினிமாப் பாட்டு, இயந்திரம் தூவுகிற பனி. ஒரு சின்னச் சரிவில் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து வழுக்கலாம். மகள் எழுந்து நின்று இறங்கப் பார்த்தாள், விசில் ஊதி உட்காரச் சொன்னார்கள். வெளியே வந்து டீயும் சமோசாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, படங்களைத் தனக்கு அனுப்பிக்கொள்ள என் போனை எடுத்து ஃப்ளைட் மோடை நீக்கிவிட்டாள்.

போன் நடுங்க ஆரம்பித்து நிற்கவேயில்லை. தரைத்தளத்துப் பெண்ணின் தவறிய அழைப்புகள் வரிசையாக இறங்கின. குழுவைத் திறந்தேன். ஸ்ரீநகரில் யாருக்காவது ஆள் தெரியுமா என்று மூன்றாவது மாடி அம்மாள் கேட்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் கும்பிடுகிற கைகளைப் போட்டிருந்தார். படித்துப் படித்து மெதுவாகத்தான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஹவில்தார் எங்கள் ஓட்டலுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் வரை நின்றிருக்கிறார். வண்டிகள் பனியில் சிக்கிக் கிடப்பதாக அங்கே பேச்சு. நாங்கள் வீடு திரும்பாததால், விமானம் ஏறிப் போய்விட்டோம் என்றுதான் இங்கே எல்லோரும் நம்பியிருந்தார்கள். போனும் எடுக்கவில்லை. மலை ஏறும் வழியில் எங்கள் வண்டி எங்கோ சரிந்துவிட்டது என்று முடிவுகட்டி, திங்கட்கிழமை அவரும் கூட வேலை பார்ப்பவர்கள் சிலரும் எங்கள் படத்தைக் காட்டி ஓட்டல் ஓட்டலாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டருகே கோட்டு மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டி நின்றோமே, அந்தப் படம். குல்மார்க் முழுக்க அது சுற்றிவிட்டது.

சமோசாவைத் தட்டில் வைத்தேன். தரைத்தளத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். மணி அடிப்பதற்குள் எடுத்தாள்.

"அக்கா? நீங்கதானா பேசுறது?" குரல் உடைந்து, கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது. "பிள்ளைக நல்லாருக்குதுகளா? அண்ணன்? எங்கக்கா இருக்கீக?"

கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீநகர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஒருவர் "கோட்டி, கோட்டி" என்று ஹைதராபாத்தின் கடைத்தெருவுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டேங்க் பண்ட்ல இருக்கோம்மா" என்றேன். "நாங்க போகவே இல்ல. ஃப்ளைட் கேன்சல். சொல்லக் கூச்சப்பட்டு இங்கயே இருந்துட்டோம்."

நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவேன்.

"சரிக்கா. நல்லா இருக்கீகள்ல, அது போதும்" என்றாள். "அவுகளுக்குச் சொல்லிப்புடுறேன். ஆளுக இன்னும் பனியிலதான் நிக்கிறாக."

அன்று மாலையே அறையைக் காலி செய்தோம். பெட்டியில் துணிகளுக்கு நடுவே வெறும் டப்பா. நம் பக்கத்தில் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள், ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்பார்கள். எவ்வளவு கேவலப்பட்டாலும் கை பழக்கத்தை விடாது போலிருக்கிறது. டீ போட்டுக்கொள்ள லாட்ஜில் வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளி உள்ளே போட்டு மூடினேன்.

கேட்டில் வாட்ச்மேன் பெட்டியை வாங்கிக்கொண்டார். மூன்றாவது மாடி அம்மாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, பிள்ளைகளைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். எந்த வாய்க்குப் பயந்து ஒளிந்தேனோ அந்த வாய் திறக்கவே இல்லை.

தரைத்தளத்துக் கதவு திறந்திருந்தது. மகளும் என்னோடு வந்தாள். டப்பாவையும் பிரித்த துணியையும் நீட்டினேன். வாங்கியதும் டப்பா லேசாக இருப்பது அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளைக சாப்பிட்டுச்சாக்கா?"

"சாப்பிட்டாங்க. நானும்தான். மன்னிச்சுக்கோம்மா, எல்லாத்தையும் தின்னுட்டோம்."

"யாரு சாப்பிட்டா என்ன" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள். சர்க்கரைப் பொட்டலங்களை ஒரு கணம் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் லாட்ஜ் பெயரும் லக்டிகாபூல் விலாசமும் அச்சடித்திருந்தது. அவள் அவற்றை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு, போனை எடுத்து மகள் பக்கம் நீட்டினாள்.

"நேத்து அவுக அனுப்புன படம், பாரு பாப்பா."

ஓட்டல் வாசலில் கணுக்கால் புதையும் பனி. அதில் இரண்டு ஜோடி பனிச்சறுக்குப் பலகைகள் நட்டு வைக்கப்பட்டிருந்தன, ஒன்று கொஞ்சம் பெரியது, ஒன்று சின்னது. பக்கத்தில் இரண்டு ஜோடி பூட்ஸ். அங்கே பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் சிநேகிதர் ஒருவரிடம் அளவு சொல்லி வாங்கி வந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அவரே கற்றுக்கொடுப்பதாக இருந்ததாம்.

மகள் விரலால் படத்தைப் பெரிதாக்கி பூட்ஸின் பின்பக்கத்து எண்ணைப் பார்த்தாள். "நா சைஸே" என்றாள் தெலுங்கில். என் அளவேதான் என்று.

"இனி ஏதும் ஃப்ளைட்டு கெடச்சா சொல்லுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "இப்பக்கூடக் கேட்டாக. வந்தாலும் வருவாக, பிள்ளைக ஆசப்பட்டுருக்கும்னு சொல்லி, அவுக இன்னும் அதத் திருப்பிக் குடுக்கலயாம்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மேஜைமேல் கிடந்த சர்க்கரைப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.