ரின்னியின் அப்பாவுக்கு ஒரு பன்றிக்கறி சாண்ட்விச்

தோல் பதனிடும் டேனரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே எனக்கு வேறொரு வேலை கிடைத்துவிட்டது. கொடுத்தது என் மனைவி மெர்சி. மருத்துவமனையில் டியூட்டி முடிந்து வீடு திரும்பியவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"ரின்னி கல்யாணத்துக்கு நீங்கதான் சமைக்கிறீங்க. நான் வாக்கு குடுத்துட்டேன்."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"நாள் பூரா ஃபோன்ல சமையல் வீடியோதானே பாக்கறீங்க. ஒண்ணையாவது பண்ணித்தான் பாருங்களேன்."

ரின்னி மெர்சியின் வார்டிலேயே வேலை செய்யும் இன்னொரு நர்ஸ். சொந்த ஊர் மிசோரம். படிக்க வேலூருக்கு வந்தவள், இங்கேயே வேலையும் கிடைத்துத் தங்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேலூர் சத்துவாச்சாரிப் பெண் பேசுகிறாள் என்றுதான் நினைப்பீர்கள். அவளுடைய அப்பாவுக்குக் கன்னத்தில் கேன்சர். இங்கே ஆப்பரேஷன் ஆகி, ரேடியேஷனும் முடிந்திருந்தது. அவ்வளவு தூரம் ரயிலில் போக அவருக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அதனால் ஊரில் நடக்கவேண்டிய கல்யாணத்தை வேலூருக்கே மாற்றிவிட்டார்கள். சர்ச்சில் ஆராதனை, அப்பா தங்கியிருக்கும் லாட்ஜின் மொட்டை மாடியில் மதியச் சாப்பாடு. நாற்பது பேர் வருவார்கள்.

மறுநாள் ரின்னியே வீட்டுக்கு வந்தாள்.

"எங்க ஊர் கல்யாணத்துல போர்க் இல்லாம இருக்காது அங்கிள். இங்க ஓட்டல்ல கேட்டேன், எல்லாம் மிளகு வறுவல்தான். அப்பாவால மெல்ல முடியாது. ஒரு மாசமா கஞ்சிதான் குடிக்கிறார். எது குடுத்தாலும் பேப்பர் மாதிரி இருக்குதுன்னு தள்ளி வெச்சிடறார். வெயிட் இறங்கிக்கினே போவுது."

எனக்கு உடனே ஃபோனில் பார்த்த ஒரு வீடியோ ஞாபகம் வந்தது. பன்றித் தோளை முழுசாக, சின்னத் தீயில் மணிக்கணக்கில் வேகவைத்து, இரண்டு முள்கரண்டியால் இழுத்தால் கறி பஞ்சு பஞ்சாகப் பிரிகிறது. அதை பன்னுக்குள் வைத்து சாண்ட்விச்சாகக் கொடுக்கிறார்கள். இது போதுமே, மெல்லவே வேண்டாமே என்று நினைத்தேன்.

"பண்ணிடலாம் பாப்பா" என்றேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதுவரை நான் வீட்டில் உருப்படியாகச் செய்தது டீ ஒன்றுதான்.

பிரஷர் குக்கர் செய்த வேலை

நான் வாணியம்பாடியில் வெட் ப்ளூ செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவன். பச்சைத் தோலை டிரம்மில் போட்டு, குரோம் ஏற்றி, நீல நிறத்தில் வெளியே எடுப்பதுதான் வெட் ப்ளூ. தோல் சரியாகப் பதமானதா என்று பார்க்க பாயில் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவோம். சுருளாமல் இருந்தால் பாஸ். சுருண்டால் மேனேஜர் வந்து நிற்பார். "இன்னா ஜெபராஜ், லாட் முழுக்க சூப் வெக்கப் போறியா?"

பச்சைத் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் சூட்டில் கரைந்து பசையாகிவிடும். அது கரையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். கறியில் நடக்கவேண்டியது இதற்கு நேர் எதிர். தசைகளுக்கு நடுவே இருக்கும் கொலாஜன் முழுசாகக் கரைய வேண்டும். விஷயம் தெரிந்தவன்தானே நான் என்ற தைரியத்தில் முதல் தடவை தொடையிலிருந்து கொழுப்பே இல்லாத துண்டுகளாக வாங்கி, பிரஷர் குக்கரில் வைத்து விசில் விட்டேன்.

தேங்காய் நார் மாதிரி வந்தது. மெர்சி ஒரு துண்டை வாயில் போட்டு, நெடுநேரம் மென்று, தண்ணீர் குடித்தாள்.

"இத ஆம்பூருக்கு அனுப்புங்க. ஷூவுக்கு இன்சோலாப் போட்டுக்குவாங்க."

முழுசாவா சார்?

காட்பாடிப் பக்கம் வெண்பன்றிக் கறிக்கடை வைத்திருப்பவர் சேகர். தோள்பட்டையைத் துண்டு போடாமல், கொழுப்பை எடுக்காமல் அப்படியே வேண்டும் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"முழுசாவா சார்? வெட்டாம எடுத்துக்கினு போய் இன்னா பண்ணுவீங்க?"

"வேகவெச்சு கையால பிப்பேன்."

"அதுக்கு நானே கொத்துக்கறி போட்டுத் தர்றனே. உங்களுக்கு எதுக்கு பேஜார்?"

அவருக்கு விளக்கிப் பார்த்தேன். கடைசிவரை அவர் நம்பவில்லை. ஆனால் நல்ல தோளாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தார்.

இந்தத் தடவை அடிகனமான டேக்சா, பிரியாணிப் பாத்திரம். உப்பும் வெல்லமும் தேய்த்து ஒரு ராத்திரி ஊறவைத்த கறியை, எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்தேன். வெங்காயம், பூண்டு, கறி பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். மூடியைச் சுற்றி கோதுமை மாவை ஒட்டினேன். ஆம்பூர் பிரியாணிக்கு தம் போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பு சிம்மில்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ஓரம் மாவைப் பெயர்த்துச் சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். எண்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. கறி வெந்துவிட்டது, ஆனால் ரப்பர். வீட்டில் முயற்சி செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பயந்துபோய்த் தீயைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூடாது. தொண்ணூறைத் தாண்டி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க விடவேண்டும். நான் மறுபடி மாவை ஒட்டிவிட்டுப் பேப்பர் படித்தேன். அப்புறம் திறந்தபோது எலும்பு தானாகக் கழன்று வந்தது.

காரத்தையும் புளிப்பையும் மெர்சி டேக்சாவுக்குள் விடவே இல்லை. "ரேடியேஷன் வாங்கின வாய்ங்க அது. ஒரு பொட்டு மிளகாய் பட்டாலும் எரியும்." அதனால் வினிகர், கடுகு, மிளகாய், தக்காளி எல்லாம் சேர்த்து சாஸைத் தனியாகக் காய்ச்சினேன். வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ளட்டும். ரின்னியின் அப்பாவுக்கு சாறோடு வெறும் கறி, ஒரு கப்பில். திட்டம் பக்காவாகத்தான் இருந்தது.

ரஃபீக் பாயின் ஆக்டிவா

கல்யாணத்தன்று அதிகாலையிலேயே, சர்ச்சிலிருந்து வாங்கி வந்த இரண்டு பெரிய டேக்சாக்களை ஏற்றிவிட்டேன். மெர்சி பட்டுப்புடவையில் சர்ச்சுக்குப் புறப்பட நின்றாள். அப்போது இரண்டு அடுப்பும் ஒன்றாக நீலத்திலிருந்து மஞ்சளாகி, புஸ்ஸென்று அணைந்தன. சிலிண்டர் காலி. கைவசம் இருந்த இன்னொன்றும் காலி. அதை மாற்ற புக் பண்ணச் சொல்லி மெர்சி இரண்டு தடவை சொன்னாள் என்பதை இங்கே விரிவாக எழுத விரும்பவில்லை. இண்டக்‌ஷன் ஸ்டவ்வில் அலுமினிய டேக்சா சூடேறாது.

மெர்சி என்னைத் திட்டவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து டேக்சாக்களைச் சுற்றினாள். "சூடு இறங்கறதுக்குள்ள போய் எங்கயாவது வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு சர்ச்சுக்கு ஓடினாள்.

எதிர்வீடு ரஃபீக் பாய் வீடு. ஆம்பூரில் தோல் புரோக்கராக இருந்தவர். பல வருஷப் பழக்கம். அவசரத்துக்கு எது வேண்டுமானாலும் முதலில் தட்டுவது அந்தக் கதவுதான். கால் தானாக அங்கே போய்விட்டது. தட்டிய பிறகுதான் என்ன கேட்க வந்திருக்கிறேன் என்பதே உறைத்தது. அதற்குள் பாய் கதவைத் திறந்துவிட்டார்.

"வா ஜெபராஜ். இன்னா முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"பாய், ஒரு சிலிண்டர் வேணும். ஆனா அடுப்புல இருக்கறது பன்னிக்கறி. மெர்சி கூட வேலை செய்ற பொண்ணு கல்யாணம்."

உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நான் அங்கிருந்து மறைந்துவிடலாமா என்று பார்த்தேன்.

"ஜெபராஜ், உன்கிட்ட மறைக்க வேணாம். அதுக்கு எங்க வீட்டு சிலிண்டர் குடுக்க மனசு ஒப்பல."

"ஐயோ, தப்பே இல்ல பாய். நான்தான் யோசிக்காம வந்துட்டேன்."

"இரு, நான் முடிக்கல. சொல்லிட்டுக் கேட்ட பாரு, அது எனக்குப் புடிச்சிருக்கு. சொல்லாம நீ வாங்கிட்டுப் போயிருந்தா வருத்தப்பட்டிருப்பேன்." ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார். "உங்க ஆளுங்க யார் வீட்ல இருக்கும்? ஏறு, போலாம்."

சர்ச் கொயரில் என்னோடு பாடும் அருள்தாஸ் வீடு தோட்டப்பாளையத்தில். அவரிடம் நிரம்பிய சிலிண்டர் ஒன்று இருந்தது. அதை ஆக்டிவாவின் முன்பக்கம் நிறுத்தி, இரண்டு முழங்காலையும் இருபுறம் விரித்துக்கொண்டு பாய் வண்டியை ஓட்டினார். பின்னால் நான், ரெகுலேட்டர் ட்யூபோடு. பாலத்தருகே டிராஃபிக் போலீஸைப் பார்த்ததும் பாய் தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"நிறுத்தினா நீயே பேசு. இன்னா சமையல்னு கேட்டா மட்டும், இவரக் கேக்காதீங்கன்னு சொல்லிடு."

போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிலிண்டரை என் வீட்டு வாசல்வரை உருட்டிவந்து கொடுத்துவிட்டு, பாய் உள்ளே வராமல் திரும்பினார். "நல்லா நடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

போர்வைகளைப் பிரித்துப் பார்த்தேன். சூடு நான் பயந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் தாமதம் தாமதம்தான். ஆராதனை முடிந்ததும் மெர்சி ஃபோனில் கேட்டாள்.

"ஆச்சா?"

"இல்ல. வெந்திருக்கு, ஆனா பிரியல. தீயக் கூட்டவா?"

"உங்களுக்கு இன்னா தோணுது?"

"கூட்டினா நாராயிடும்."

"அப்போ கூட்டாதீங்க. எல்லாரும் உக்காந்து பாடிக்கினு இருக்காங்க. நான் பாத்துக்கறேன்."

லாட்ஜ் மாடி

டேக்சாக்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிட்டார், நாலு பகுதியாகப் பிரிந்து பாடும் குரல்கள். பசியில் இருப்பவர்கள் பாடுவதுபோலவே இல்லை. மணப்பெண் வெள்ளை கவுனோடு ஓடிவந்து மூடியைத் திறந்து பார்த்தாள். முள்கரண்டியை வைத்ததும் கறி மெத்தென்று பிரிந்தது.

"இன்னா அங்கிள் இது, பஞ்சு!" என்று கத்தினாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இழுத்துப் பிய்த்தார்கள். இனிப்புச் சேர்க்காமல் பேக்கரியில் சொல்லி வாங்கிய பன்களுக்குள் கறியை வைத்து, சாஸ் ஊற்றி, நறுக்கிய முட்டைக்கோஸ் வைத்து நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் தடவை வராதவர்கள் யாருமில்லை.

ரின்னியின் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கோட் அணிந்து உட்கார்ந்திருந்தார். கோட் அவருக்கு ரொம்பப் பெரிதாகிவிட்டிருந்தது. மெர்சி கப்பையும் ஸ்பூனையும் நீட்டினாள். உள்ளே கறி, மேலே சாறு, பதமான சூடு. அவர் பார்த்தார். தலையசைத்துத் தள்ளிவிட்டார்.

ரின்னி குனிந்து ஏதோ கேட்டாள். அவர் கையைக் காட்டி மெதுவாகப் பேசினார். நிமிர்ந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எல்லாரும் பன்னு கையில வெச்சினு துன்றாங்க, எனக்கு மட்டும் இன்னா கப்புல குடுக்கறீங்கன்னு கேக்கறார் அங்கிள். இன்னிக்கும் தனியாத்தான் சாப்பிடணுமான்னு கேக்கறார்."

நான் மெர்சியைப் பார்த்தேன். அவர் வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். பன் காய்ந்திருந்தால் தொண்டையில் ஒட்டும். மெர்சி இப்போது நர்ஸாகப் பேசினாள்.

"பன்ன சாறுல நனைங்க. நல்லா அமுக்கி மெல்லிசாக்குங்க. விரல் அகலத்துக்கு வெட்டுங்க. தண்ணி பக்கத்துல இருக்கட்டும்."

அப்படியே செய்தேன். உள்ளங்கையால் பன்னை அமுக்கி, கறியை இன்னும் பொடியாகப் பிய்த்து மெல்லிசாகப் பரப்பி, கத்தியால் நாலு பட்டைகளாக நறுக்கினேன். தட்டில் வைத்தபோது சாண்ட்விச் என்று சொல்லும்படியாகவே இருந்தது. அவர் ஒன்றைத் தானே எடுத்தார். பக்கவாட்டில் நுழைத்து ஒரு சின்னக் கடி கடித்தார். நாக்கால் நசுக்கி, தண்ணீர் குடித்து, விழுங்கினார். கண்ணை மூடித் திறந்தார். அடுத்த கடி கடித்தார்.

அந்த நாலு பட்டைகளையும் முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆனது. மற்றவர்கள் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஒருவரும் கை கழுவ எழுந்திருக்கவில்லை. காலித் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில், அவரோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கடைசித் துண்டை விழுங்கிவிட்டு விரலைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கிட்டார்க்காரன் மறுபடி தந்தியைத் தொட்டான்.

அதற்குப் பிறகு பல தடவை செய்துவிட்டேன். அக்கம்பக்கத்து லாட்ஜ்களிலிருந்தெல்லாம் கேட்டு வருகிறார்கள். புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தோள்பட்டையாக வாங்குங்கள், கொழுப்பை எடுக்காதீர்கள். ரப்பராக இருக்கும்போது பயந்து தீயைக் கூட்டாதீர்கள். அடுப்பில் ஏற்றுமுன் சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். சாப்பிட ஒருவருக்குச் சிரமம் என்றால் அவருக்கென்று தனியாக ஒன்றை யோசிக்கும் முன்னால், பந்தியில் இருப்பதையே அவர் கைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசியுங்கள். நான் கறியைத்தான் பஞ்சாக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். பந்தியில் தன் இடத்தை அவர்தான் கேட்டு வாங்கினார்.